நீல்ஸ் யார்டா, கிங்லி கோர்ட்டா?

ஊரிலிருந்து லண்டனுக்கு வருபவர்கள் பிக் பென், லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை என்று ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குகிறார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு, சும்மா எங்கேயாவது கடை கண்ணி பார்த்துக்கொண்டு ஒரு காபி குடிக்கலாமே என்பார்கள். நகரின் நடுவே அதற்குத் தோதாக இரண்டு முற்றங்கள் இருக்கின்றன: கோவன்ட் கார்டன் பக்கம் நீல்ஸ் யார்ட், கார்னபி தெருவை ஒட்டிக் கிங்லி கோர்ட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். ஆனால் ஒரு மாலைக்கு ஒன்று போதும். நான் நீல்ஸ் யார்ட் கட்சி. வீட்டுக்கு வருபவர்களை இப்போதெல்லாம் அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

பொதுவானதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டும் சின்ன இடங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டிலும் கூட்டம் நெரியும். விலையும் நகர நடுவின் விலைதான். இதில் ஒரு வேடிக்கை, இரண்டுக்கும் வீட்டுக்காரர் ஒருவரே. கார்னபியையும், நீல்ஸ் யார்ட் இருக்கும் செவன் டயல்ஸ் பகுதியையும் ஷாஃப்ட்ஸ்பரி என்ற கம்பெனி வைத்திருந்தது. 2023-இல் அது இன்னொரு கம்பெனியோடு இணைந்து ஷாஃப்ட்ஸ்பரி கேபிடல் ஆனது. ஒன்று அசல், மற்றது வெறும் வியாபாரம் என்று வாதாடுபவர்கள் வாடகை யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

சாப்பாடு மட்டும்தான் கணக்கு என்றால் கிங்லி கோர்ட்டை அடிக்க முடியாது. நடுவில் முற்றம், சுற்றிலும் மூன்று மாடி, மாடிக்கு மாடி உணவகங்கள். சமையல் கலைஞர் அஸ்மா கான் வீட்டில் விருந்து சமைத்துப் போடுவதில் தொடங்கி, 2017-இல் டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ் உணவகத்தைத் திறந்தது இங்கேதான். நடுவில் கோவன்ட் கார்டனுக்குப் போய்விட்டு 2023-இல் திரும்பி வந்தார். டமாஸ்கஸில் உணவகங்கள் நடத்திவிட்டு அகதியாக வந்த இமாத் அல்அர்னப், 2021-இல் தன் சிரியச் சமையலறையைத் திறந்ததும் இதே முற்றத்தில்தான். வெளியே கிங்லி தெருவுக்கு வந்தால் கொளம்பா இருக்கிறது. இலங்கைச் சாப்பாட்டுக்கு ஏங்குபவர்களுக்கு அது போதும். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு முன்பதிவு செய்து, நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் நானே கிங்லி கோர்ட்டைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் நீல்ஸ் யார்ட்? நாற்காலிதான் காரணம்.

கிங்லி கோர்ட்டில் கண்ணில் படும் நாற்காலி ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உணவகத்துக்குச் சொந்தம். உட்கார்ந்தால் மெனு வந்துவிடும். மெனு வந்ததும் நம் மாமா பவுண்டை நூற்றுச் சொச்சத்தால் பெருக்கத் தொடங்கிவிடுவார். "எனக்குப் பசியே இல்லப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பார். அத்தை ஒரு டீ போதும் என்பார். நாம் வற்புறுத்த, அவர்கள் மறுக்க, பரிமாறுபவர் பேனாவோடு காத்து நிற்க, அந்த மாலை முழுக்கப் பில்லைச் சுற்றியே ஓடிவிடும். ஒரு முற்றத்தை ரசிக்க அதில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அது முற்றமே இல்லை, உணவகத்தின் வாசல் என்பது என் கட்சி.

நீல்ஸ் யார்டில் அந்தக் கட்டாயம் இல்லை. சந்து மாதிரி இருக்கும் வழியில் நுழைந்தால் நாலாபுறமும் நீலம், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று சுவர்கள். நடுவில் செடித் தொட்டிகளை ஒட்டி உட்கார இடம். யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். கோவன்ட் கார்டன் காய்கறிச் சந்தை 1974-இல் வேறிடம் போனதும் காலியான கிடங்குப் பகுதி இது. 1976-இல் நிக்கோலஸ் சாண்டர்ஸ் இங்கே தானியம், பருப்பு விற்கும் கடை போட்டார். அதைத் தொடர்ந்து மற்றவை முளைத்தன: 1979-இல் நீல்ஸ் யார்ட் டெய்ரி என்ற பால் பண்ணைக் கடை, 1981-இல் நீலக் கண்ணாடிப் புட்டிகளில் எண்ணெயும் தைலமும் விற்கும் நீல்ஸ் யார்ட் ரெமடீஸ். சும்மா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர் இயங்கிய கட்டடத்தில் ஒரு நீலப் பலகையும் உண்டு. நம் மாமாவுக்கு அது எதுவும் சொல்லாது, பரவாயில்லை.

பால் பண்ணைக் கடை இப்போது முற்றத்துக்குள் இல்லை, பக்கத்து ஷார்ட்ஸ் கார்டன்ஸ் தெருவில் இருக்கிறது. என் வாக்கு நீல்ஸ் யார்டுக்கு விழ அதுவும் பாதிக் காரணம். பிரிட்டிஷ், ஐரிஷ் சீஸ்களைச் சக்கரம் சக்கரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் கத்தியால் மெல்லிசாகச் சீவி ருசி பார்க்கக் கொடுப்பார்கள், பிடித்ததைச் சின்னத் துண்டாக வெட்டி வாங்கிக்கொள்ளலாம். 2024-இல் மோசடிக்காரர்கள் மொத்த வியாபாரிகள் போல நடித்து 22 டன் செடாரைச் சுருட்டிக்கொண்டு போனது இந்தக் கடையிடம்தான். அதைச் சொன்னால் சீஸ் பிடிக்காதவர்கள்கூட ஆர்வமாகிவிடுகிறார்கள்.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மான்ட்கோமரி செடார் போன்ற பழைய பாணிச் சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள். முதலிலேயே "வெஜிடேரியன் ரென்னெட் எது?" என்று கேட்டுவிடுங்கள். காஞ்சொறி இலையால் சுற்றிய கார்னிஷ் யார்க் சைவம்தான். மேலே இலை நரம்புகள் கோலம் போட்ட மாதிரி தெரியும், உள்ளே வெள்ளையாக, லேசாக உதிரும், எலுமிச்சை வாடையோடு ஒரு மெல்லிய புளிப்பு. சொறியும் இலையைச் சாப்பிடுவதா என்று முதலில் தயங்குபவர்கள் உண்டு.

காபிக்கு மன்மத் தெருவில் 1978 முதல் இருக்கும் மன்மத் காஃபி. ஒவ்வொரு கோப்பையாக ஃபில்டரில் இறக்கித் தருவார்கள். நம் டிகாக்ஷன் ருசியைத் தேடாதீர்கள், இது வேறு சாதி.

குறையும் உண்டு. நீல்ஸ் யார்டில் உட்கார்ந்து சாப்பிடுவது சிரமம். பேர்பெற்ற பார்பரி உணவகம் 2016-இல் திறந்தபோது குதிரை லாட வடிவ மேடையைச் சுற்றி 24 உயர ஸ்டூல்களோடுதான் திறந்தது. முட்டிவலி உள்ளவர்களை அதில் ஏற்ற முடியாது. மழை வந்தாலும் கிங்லி கோர்ட்தான் சௌகரியம். இரவுக் களை எங்கே அதிகம் என்று கேட்டால், என் பழக்கம் பெரும்பாலும் பகல் வேளையோடு சரி. கிங்லி கோர்ட் என்றுதான் ஊகிக்கிறேன்.

கிங்லி கோர்ட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் ஸ்டேஷன். நீல்ஸ் யார்டுக்குக் கோவன்ட் கார்டன்தான் பக்கம், ஆனால் அங்கே மேலே வர லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் படிக்கட்டைப் பிடித்தால் சுழன்று சுழன்று 193 படி. பெரியவர்கள் கூட இருந்தால் லெஸ்டர் ஸ்கொயரில் இறங்கி எஸ்கலேட்டரில் வந்து, மீதியை நடந்துவிடுங்கள்.