தொல்லியல் மட்டுமா, மானிடவியலோடு சேர்த்தா?

பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: தொல்லியல் மட்டும், மானிடவியல் மட்டும், இரண்டும் சேர்ந்த பட்டம். இரண்டும் சேர்ந்த பட்டத்தையே எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே எடுப்பேன். ஏன் என்பதோடு, அதில் எதை இழந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனித் தொல்லியலில் கைவேலை அதிகம். கொத்துக்கரண்டியால் மண்ணைச் சீவி நிறம் மாறும் இடத்தைப் பிடிப்பது, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுத்துப் பதிவுத்தாள் நிரப்புவது, குழியின் பக்கச்சுவரை அளந்து வரைவது, மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கும் கரிந்த விதைகளை அள்ளுவது என்று நீளும். எந்த அடுக்கு எதற்குப் பிந்தியது என்று காட்ட தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கிய வரைபட முறையை, இரண்டும் சேர்ந்த பட்டத்திலும் கற்றுத்தருவார்கள். ஆனால் அதைக் களத்தில் பத்து முறை போட்டுப் பழகும் வாய்ப்பு தனித் தொல்லியல் மாணவருக்குத்தான் கூடுதல். தோண்டிய குழியைத் திரும்பத் தோண்ட முடியாது என்பதால் இந்தப் பழக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்பன் காலக்கணிப்பு, எலும்பு வேதியியல் என்று ஆய்வுக்கூடத்தில் வாழ நினைப்பவர்கள் யோசிக்காமல் தனித் தொல்லியலுக்கே போகலாம்.

தனி மானிடவியல் வேறு உலகம். உயிரோடு இருப்பவர்கள் நடுவே மாதக்கணக்கில் தங்கி, அவர்கள் மொழியைப் பேசி, பார்த்ததை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் அங்கே முதுகெலும்பு. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை நியூ கினி அருகேயுள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளில் செய்ததைப் படிக்காமல் யாரும் முதலாண்டைத் தாண்டுவதில்லை. கழுத்துமாலைகள் ஒரு திசையிலும் சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றிவரும் குலா பரிமாற்றம் அங்கேதான் வருகிறது. மனித உடலையும் எலும்புகளையும் ஆராயும் உடல்சார் மானிடவியலில் நான் ஒரே ஒரு பருவம்தான் இருந்தேன். அதன் தரத்தை எடைபோடும் அளவுக்கு என் அனுபவம் போதாது.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது எது? மண்ணில் கிடக்கும் பொருள் அங்கே எப்படி வந்தது என்ற கேள்வி. தோண்டத் தெரிவதால் மட்டும் இதற்கு விடை கிடைத்துவிடாது.

பனியுகத்தில் வாழ்ந்து மறைந்த நியாண்டர்தால் மனிதர்களின் கற்கருவிகளை வகைபிரித்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் பிரான்சுவா போர்ட், இடத்துக்கு இடம் கருவிகளின் கலவை மாறுவதற்குக் காரணம் வெவ்வேறு கூட்டத்தார் வாழ்ந்ததே என்றார். கூட்டம் வேறல்ல, அங்கே செய்த வேலைதான் வேறு என்றார் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட். கற்களை மட்டும் எத்தனை முறை எண்ணினாலும் இந்த வழக்கு தீராது. அதனால் பின்ஃபோர்ட் 1969இல் அலாஸ்காவுக்குப் போய், கரிபூ மான் வேட்டையாடும் நுனாமியுட் மக்களோடு இருந்து, எலும்பு எங்கே விழுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி இது: திறந்தவெளியில் ஒரு நெருப்பைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மஜ்ஜைக்காக உடைக்கும் எலும்பின் சிறு சில்லுகள் காலடியிலேயே விழுகின்றன. பெரிய துண்டுகளை நெருப்புக்கு அந்தப் பக்கமோ தோளுக்குப் பின்னாலோ எறிகிறார்கள். காற்று திரும்பிப் புகை முகத்தில் அடித்தால் எழுந்து இடம் மாறி உட்காருகிறார்கள். அவர்கள் போன பிறகு தரையில் மிஞ்சுவது, வளைவு வளைவாக இரண்டு வகைக் குப்பை.

இதை வைத்துக்கொண்டு பின்ஃபோர்ட் பிரான்ஸின் பான்ஸ்வான் அகழாய்வுக் களத்தை மறுபடி பார்த்தார். பனியுகத்தின் இறுதியில் கலைமான் வேட்டையாடியவர்கள் தங்கிய இடம் அது. அதை மிக நுணுக்கமாக அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் லெருவா-கூரான், மூன்று அடுப்புகள் கொண்ட கூடாரம் ஒன்று அங்கே இருந்ததாக வரைந்திருந்தார். பின்ஃபோர்டுக்கோ அது வெட்டவெளி நெருப்பாக, காற்றுக்கு இடம் மாறி உட்கார்ந்தவர்களின் தடமாகத் தெரிந்தது. அகழாய்வில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேறுபட்டது, உயிரோடிருப்பவர்கள் நெருப்பருகே உட்கார்ந்ததைப் பார்த்திருந்த கண். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வந்து சேர்ந்த படிப்பு எதற்காக என்று அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

பாடம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது; வாழும் மக்களைப் புரிந்துகொள்ளத் தொல்லியலும் உதவுகிறது. தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973இல் அரிசோனாவின் டூசான் நகரத்தில் வீட்டுக் குப்பையைத் தொல்லியல் முறையில் பிரித்து எண்ணத் தொடங்கினார். பீர் எவ்வளவு குடிக்கிறோம் என்று மக்கள் சொன்ன கணக்கைவிடக் குப்பையில் இருந்த கணக்கு பெரியது. நேர்காணலை மட்டும் நம்பும் மாணவருக்கு இது தேவையான அடி.

இழந்தது என்ன என்றால், களத்தில் கழித்திருக்க வேண்டிய வாரங்கள். என்னோடு தோண்டிய தனித் தொல்லியல் மாணவர்கள் மண் மாறுவதை என்னைவிட முன்னால் பார்த்தார்கள். அந்தக் குறையை விடுமுறை அகழாய்வுகளில் சேர்ந்துதான் ஓரளவு சரிசெய்தேன். மானிடவியல் பக்கத்திலும் ஒரே சமூகத்தோடு நீண்ட காலம் தங்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. அது அந்தத் துறையின் பாதி அல்லவா?

இன்னொன்று. சேர்ந்த பட்டம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வாழும் மக்களின் பொருட்களையும் குப்பையையும் தொல்லியல் கண்ணோடு படிக்கும் இனத்தொல்லியல் போல, இரண்டு துறையும் ஒரே வகுப்பில் உட்காரும் பாடம் ஒன்றாவது கட்டாயமாக இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாமல் திங்களன்று தொல்லியல், செவ்வாயன்று மானிடவியல் என்று தனித்தனியே ஓடும் பட்டமென்றால், நான் தனித் தொல்லியலையே எடுக்கச் சொல்வேன்.