ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஆபரேஷன்: எந்த முறை, பிற்பாடு என்ன?

குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாமலே சில குழந்தைகள் பிறக்கின்றன, ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவர். இதுதான் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். மலம் இறங்காது, வயிறு உப்பும். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்க வேண்டும். அதற்கு முக்கியமாக மூன்று முறைகள் உண்டு.

1948-இல் வந்த ஸ்வென்சன் முறையில் கெட்ட மலக்குடல் ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். சிறுநீர், பாலுறுப்பு நரம்புகள் அடிபடுமோ என்ற பயம் இருந்தது. குடல் சுவரை ஒட்டியே பிரித்தெடுக்கத் தெரிந்த கைக்கு அந்த ஆபத்து குறைவு.

டுஹாமெல் (1956) பழைய மலக்குடலை முன்பக்கம் விட்டுவைத்து, பின்னால் நல்ல குடலை இணைத்தார். நரம்புகளுக்குப் பாதுகாப்பு. ஆனால் விட்டுவைத்த பையில் மலம் தேங்கலாம். பழைய மலக்குடலுக்கும் புதிதாக இணைத்த குடலுக்கும் இடையிலான நடுச்சுவர் சரியாக வெட்டப்படாமல் நின்றால் மலச்சிக்கல் தீராது, மறுபடி ஆபரேஷன் மேசைக்குப் போக நேரும்.

சோவே முறையில் மலக்குடலின் உள்தோலை மட்டும் உரித்து, தசை உறைக்குள் நல்ல குடலை விடுவார்கள். உறை நீளமாக இருந்தால் இறுக்கிப் பிடிக்கும், அதனால் இப்போது அதைக் குட்டையாக வைக்கிறார்கள். 1998-இல் மெக்சிகோ டாக்டர்கள் இதை ஆசனவாய் வழியாகவே செய்து காட்டினார்கள். வயிற்றில் தழும்பில்லை, குழந்தை சீக்கிரம் பால் குடிக்கிறது. எனக்குக் கவலை வேறு இடத்தில். மலத்தை அடக்கும் சுருக்குத் தசையை அதிகமாக விரித்தாலோ, ஆசனவாய்க்குள் உணர்வு தொடங்கும் டென்டேட் கோட்டை வெட்டிவிட்டாலோ, பள்ளி வயதிலும் பிள்ளைக்கு மலம் கசியும். மலச்சிக்கலுக்கு மருந்து, எனிமா இருக்கிறது. போன கோட்டைத் திரும்ப வைக்க முடியாது.

அதனால் முறையின் பெயரைவிட, சர்ஜன் இதை எத்தனை முறை செய்திருக்கிறார், கோட்டுக்கு எவ்வளவு மேலே தைப்பார், தைக்கும் இடத்தில் நரம்பு செல்கள் இருப்பதை ஆபரேஷன் நடக்கும்போதே பயாப்ஸியில் (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

எந்த முறையானாலும் குடல் அழற்சி பிறகும் வரலாம். காய்ச்சல், வயிறு உப்பல், கடும் நாற்றத்தோடு பேதி என்றால் சாதாரண வயிற்றுப்போக்கு என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி.

கசிவு பலருக்கு வளர வளரக் குறைகிறது, சிலருக்குப் பெரியவர்களான பிறகும் நீடிக்கிறது. அப்புறம், ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி வையுங்கள். பிள்ளையை அதன் 25 வயதில் பார்க்கப்போகும் டாக்டருக்கு எந்த முறை நடந்தது என்பது அதிலிருந்துதான் தெரியும்.