வரைபடத்தில் விழாத படகுகள்: குளோபல் ஃபிஷிங் வாட்ச் பயன்படுத்திய அனுபவம்

மீனவர்களோடு உட்கார்ந்து பேசுவதும், பேசியதைக் கடல் கொள்கை எழுதுகிறவர்களின் மேசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் என் வேலை. மானிடவியல் படித்துவிட்டுக் கடலுக்கு வந்தவள் நான். முன்பெல்லாம் கூட்டங்களுக்குக் குறிப்பேட்டை மட்டும்தான் எடுத்துப்போவேன். "எங்க தூண்டில் கிடக்கிற இடத்துக்கு ராத்திரியில பெரிய கப்பல் வந்து நிக்குது" என்று ஒருவர் சொன்னதை வாசித்தால், ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். இப்போது அப்படி யாராவது கேட்டால் நான் முதலில் திறப்பது குளோபல் ஃபிஷிங் வாட்ச் இணைய வரைபடத்தை.

கடல் பாதுகாப்பு அமைப்பான ஓஷியானா, செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சுற்றுச்சூழலைக் கண்காணிக்கும் ஸ்கைட்ரூத், கூகுள் மூன்றும் சேர்ந்து உருவாக்கி, 2016 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட சேவை இது. இலவசம். கடலில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக் கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டே போகும். அதற்கான கருவிக்கு ஏ.ஐ.எஸ். என்று பெயர். அந்தச் சமிக்ஞைகளைத் திரட்டி, கப்பலின் வேகத்தையும் அது திரும்பும் விதத்தையும் வைத்து, எங்கே மீன்பிடித்திருக்கும் என்று கணினி கணிக்கிறது.

ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து அதன் தடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிவிடும் நீளத்தூண்டில் கப்பல் என்றால், சீரான வேகத்தில் கயிற்றை விட்டுக்கொண்டே போன பாதை தெரியும். அப்புறம் அதே பாதையை ஒட்டி, மெதுவாக இழுத்துக்கொண்டு திரும்பி வந்ததும் தெரியும். முதல் தடவை இதைப் பார்த்தபோது, வயதான மீனவர் ஒருவர் மணலில் விரலால் எனக்கு வரைந்து காட்டியது அப்படியே ஞாபகம் வந்தது. இரண்டு கப்பல்கள் 500 மீட்டருக்குள் இரண்டு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் மெதுவாக நகர்ந்தால், அதைச் 'சந்திப்பு' என்று தனியாகக் குறித்துவிடுகிறது. நடுக்கடலில் மீன் கைமாறியிருக்கலாம் என்பதற்கு இது ஒரு துப்பு. துப்பு மட்டும்தான். மீன்பிடிப்பையும் 'மீன்பிடிப்பாகத் தோன்றுவது' என்றே எழுதுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். நமக்கு வேண்டிய கடல் பகுதியை நாமே வரைந்து, அங்கே எந்த நாட்டுக் கொடி, என்ன வகை வலை, எத்தனை மணி நேரம் என்று அறிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். என் வேலைக்கு அதிகம் உதவுவது இந்த வசதிதான். தரவு சில நாள் பின்தங்கி வரும்; கொள்கை வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் கடலுக்குப் போகாதவர்கள் இந்த வரைபடத்தை வைத்துத் தவறுவது ஒரே இடத்தில்தான்: திரையில் தெரியாத படகு கடலிலும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பன்னாட்டு விதிப்படி ஏ.ஐ.எஸ். கட்டாயம் என்பது வெளிநாட்டுப் பயணம் போகும், 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள கப்பல்களுக்கு. மீன்பிடிக் கப்பல்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். கருவி இருந்தாலும் அணைத்துவிடலாம். இதை இந்தச் சேவையை நடத்துகிறவர்களே மறைக்கவில்லை. 2017 முதல் 2021 வரையிலான செயற்கைக்கோள் படங்களை அலசி, பெருந்தொழில் மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் வருவதே இல்லை என்று 2024-இல் வெளியிட்டார்கள். பெரிய கப்பல்களுக்கே இந்த நிலைமை. உலகில் பிடிபடும் மீனில் 40 சதவீதமாவது சிறுதொழில் மீனவர்கள் பிடிப்பது. அவர்களுடைய படகுகள் இந்தத் திரையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஒரு பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிக்கான கலந்தாலோசனையில் இதை நேரில் பார்த்தேன். திரையில் கரையோரம் ஒரு பகுதி கறுப்பாகக் கிடந்தது. "இங்கே யாருமே பிடிப்பதில்லையே, இதை மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை" என்றார் ஓர் அதிகாரி. எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கறுப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக எனக்குத் தெரியும்.

அதே பகுதியைப் பெரிய தாளில் அச்செடுத்து, மேலே ட்ரேசிங் பேப்பரை விரித்து, கரையில் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்தேன். ஒருவர் நண்டு வலை போடும் இடத்தை வட்டமிட்டார். இன்னொருவர், "காத்து மாறினா நாங்க இந்தப் பக்கம் போயிருவோம்மா" என்று வேறு நிறப் பென்சில் கேட்டு வாங்கினார். மதியத்துக்குள் தாளில் வெள்ளை இடமே இல்லை. கடைசியாகச் சிப்பி பொறுக்கும் அக்கா ஒருவர், கரையை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். வற்றம் வரும்போது அவர் நடந்தே போகும் வழி அது. படகே கிடையாது.

ஆகவே வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சே இதில் இல்லை. ஆய்வு மாணவர்கள் இன்றைக்கே கணக்குத் தொடங்கிப் பழகுங்கள். பெரிய கப்பல்களைப் பற்றிப் பேச இதைப் போல வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் அச்செடுத்துக் கரைக்குக் கொண்டுபோகாமல் எந்தக் கூட்டத்திலும் காட்டாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ட்ரேசிங் பேப்பரோடு அந்த அக்காவையும் அழைத்துப் போனேன். இந்தக் கோடு என்ன என்று அதே அதிகாரி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அக்காவே எழுந்து, "அது நான் போற வழிங்கய்யா" என்றார்.