கொடைக்கானல் ஹோம்ஸ்டே புக் பண்றவங்க ஒரு நிமிஷம், எனக்கு 11,500 போச்சு

கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. 11,500 ரூபா. கொடைக்கானல்ல மூஞ்சிக்கல் பக்கம் ஒரு லாட்ஜ்ல உக்காந்துட்டு போடறேன், நாம என்னென்ன பாக்கணும்னு கடைசில விளக்கமா சொல்றேன்.

நாங்க விழுப்புரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரைய கடந்ததுலருந்து தெருவுல முழங்கால் தண்ணி, கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, ஃப்ரிட்ஜ்ல இருந்ததெல்லாம் நாறிப்போச்சு, சின்னவளுக்கு சளி, அம்மா கொசுக்கடில தூங்கி நாலு நாள் ஆச்சு. அரசூர்கிட்ட தண்ணி வடிஞ்சு திருச்சி ரோட்ல வண்டி விட்டதும் ரெண்டு நாள் எங்கயாவது போயிடலாம்னு வீட்ல சொன்னாங்க. ஜெனரேட்டர் வெச்சிருந்த கடைல காசு குடுத்து சார்ஜ் ஏத்துன போன்லதான் இந்த கூத்தே நடந்துச்சு.

ரூம் புக் பண்ற ஆப் ஒண்ணு, பேர் வேணாம். வில்பட்டி ரோட்ல ஹோம்ஸ்டே, ரெண்டு நைட் 13,000. புக் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஹோம்ஸ்டேக்காரன்னு ஒருத்தன் போன். "எந்த ஊருண்ணா?"ன்னான், சொன்னேன். "ஐயோ டிவில பாத்தோம்ணா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா? அம்மா வேற வராங்களா, படி ஏற வேணாம், கீழ் ரூமே போட்டுடறேன், வெந்நீர் வெச்சிடறேன்." அந்த நாலு நாள்ல சொந்தக்காரன் ஒருத்தன் இப்படி கேக்கலங்க. அங்கதான் விழுந்தேன். அப்புறம் மெதுவா, ஆப்ல கமிஷன் புடிச்சுக்குவாங்க, அத கேன்சல் பண்ணிட்டு நேரா ஜீபே பண்ணுங்க, 11,000 போதும்னான். போட்டேன். கொடைக்கானலுக்குள்ள வண்டி வர இ-பாஸ் வேணும், அத நானே எடுத்துடறேன், வண்டிக்கு 500ன்னான். அதையும் போட்டேன்.

நேத்து கொடைக்கானல் போற வழில சில்வர் கேஸ்கேட் அருவிகிட்ட செக்கிங்ல அந்த பாஸ் ஸ்கேனே ஆகல. "இ-பாஸ் ஃப்ரீ சார், யாருகிட்ட காசு குடுத்தீங்க?"ன்னு செக் பண்ணவரு கேட்டாரு. 2024 மே 7லருந்து இருக்கற விஷயம், எனக்கு தெரியல. ஓரங்கட்டி நானே எடுத்தேன், பத்து நிமிஷம் கூட ஆகல. அவனுக்கு அடிச்சா "சர்வர் பிரச்சனைண்ணா, வாங்க வாங்க"ன்னான். அதோட சுவிட்ச் ஆஃப்.

லொகேஷன் போட்டு போனா போட்டோல இருந்த அதே வீடு, அதே நீலக் கம்பி கேட். உள்ளருந்து ஒரு பாட்டி வந்து "இது வாடகைக்கு விடற வீடில்ல சாமி"ன்னாங்க. பனி எறங்குது, சின்னவ இருமறா, பாவம் அந்த பாட்டிதான் எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டு குடுத்தாங்க.

ஆப் கஸ்டமர் கேர் தனி கதை. மொத ஆளு புக்கிங் நம்பர் கேட்டான், கேன்சல் ஆயிடுச்சேன்னான். ரெண்டாவது ஆளு 48 மணி நேரம்னான். மூணாவது பொண்ணு "வெளியில கட்டின பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல சார்". சரிம்மா, உங்க ஆப்லதான அவன் இருக்கான், அவனையாவது தூக்குங்கன்னா மெயில் போட சொல்றாங்க. புயல் நிவாரணம் ரேஷன் கார்டுக்கு 2,000 அறிவிச்சாங்க, நான் எவனுக்கோ 11,500 நிவாரணம் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்.

சரி, ஆப்ப விட்டு வெளிய பணம் போடாதீங்க. இ-பாஸுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, நான் ராத்திரி பத்து மணிக்குதான் அடிச்சேன், லேட்டு. இன்னும் எழுதலாம்னு பாத்தேன், அம்மா மாத்திரை வாங்க கூப்பிடறாங்க.

இப்பகூட ஆப்ப தொறந்து பாத்தேன், நீலக் கம்பி கேட் அப்படியே இருக்கு, இந்த வாரக்கடைசிக்கு 14,000ன்னு ஏத்தி வெச்சிருக்கான்.