அந்த போஸ்டரில் இருப்பது நான்தான், விசா வாங்கித் தந்தது அவர்கள் இல்லை

பத்து நாளாக எனக்கு போன் மேல் போன். காலேஜ் ஜூனியர்கள் இரண்டு பேர், அப்பா கடைக்கு மோட்டார் கொண்டுவரும் ஒருவருடைய மகன், சித்தி வீட்டுக்கு எதிர் வீட்டுப் பெண். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, நீங்க அந்த கன்சல்டன்சி மூலமாத்தானே ஜெர்மனி போனீங்க? பணம் கட்டலாமா?"

வாட்ஸப்பில் சுற்றும் போஸ்டரைத் தம்பி அனுப்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபேர்வெல் அன்று பட்டுச்சேலையில் எடுத்த என் படத்தை வெட்டி, பின்னால் ஜெர்மன் கொடியை ஒட்டி, 'விசா அப்ரூவ்டு' என்று போட்டிருக்கிறார்கள். இவர்களிடம் 1,30,000 ரூபாய் கட்டி, அதில் பெரும்பகுதியையும் ஒரு முழு வருடத்தையும் இழந்தவள் நான். விசா பிறகு நானே விண்ணப்பித்து வாங்கியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. பெயர் போடவில்லை. திருச்சியில் ஒரு மாடி அலுவலகம், அவ்வளவுதான் சொல்வேன். பெயரை மாற்றிக்கொண்டு இதையே செய்கிறவர்களும் இருப்பார்கள், அதனால் பெயரைவிட முறை முக்கியம்.

அப்பா துறையூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். நான் படித்தது ட்ரிபிள் ஈ, அதாவது மின்பொறியியல், 2022-இல் முடித்தேன். வேலை சரியாக அமையவில்லை. கடையில் பில் போட்டுக்கொண்டு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினேன், 6.5 வந்தது. 2023 அக்டோபரில் நானும் அப்பாவும் அந்த மாடியேறினோம்.

மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கப்பா, உட்காருங்க" என்றார். அந்த ஒரு 'அப்பா'விலேயே அப்பா பாதி விழுந்துவிட்டார். சுவரில் 'அரசு அங்கீகாரம்' என்று எழுதி ஃபிரேம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. இரண்டாவது தடவை போனபோதுதான் கிட்டே நின்று படித்தேன். உத்யம் பதிவுச் சான்றிதழ் அது. மாவு மில்லும் தையல் கடையும் ஆன்லைனில் இலவசமாக எடுத்துக்கொள்கிற சிறுதொழில் பதிவு. எங்கள் கடைக்கே ஒன்று இருக்கிறது. அதைப் படித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. முன்பணம் கட்டியாகிவிட்டதே என்ற நினைப்பு.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது என்று சொன்னார்கள். இது பெரும்பாலும் உண்மை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை இருக்கும், அவ்வளவுதான். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் மட்டும் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் 2024 குளிர்காலம் முதல் வாங்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் சொல்லாமல் விட்டது வேறொன்று. கட்டணமே வாங்காத பல்கலைக்கழகம் ஏஜென்டுக்கு எதை எடுத்து கமிஷன் கொடுக்கும்? தனியார் கல்வி நிறுவனம்தான் கொடுக்கும், நம்மிடம் வாங்கும் கட்டணத்திலிருந்து. நாம் கொடுக்கும் ப்ராசஸிங் ஃபீஸ் ஏஜென்டுக்குக் கைச்செலவுக் காசு. பெரிய காசு பெர்லினில் இருக்கிற யாரோ ஒருவரிடமிருந்து வர வேண்டும். இது தெரிந்திருந்தால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

ப்ராசஸிங் ஃபீஸ் 65,000. ஏபிஎஸ் சான்றுக்கு 25,000. ஏபிஎஸ் என்பது நம் மதிப்பெண் பட்டியல், டிகிரி எல்லாம் உண்மைதானா என்று டெல்லியில் சரிபார்த்துத் தரும் சான்று. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது இல்லாமல் ஜெர்மன் மாணவர் விசா இல்லை. அதன் கட்டணம் 18,000 ரூபாய், ஏபிஎஸ் தளத்திலேயே போட்டிருக்கிறது. மீதி 7,000 எதற்கு என்று கேட்டேன். "கூரியர், ஃபாலோ-அப் எல்லாம் இருக்கும்மா."

ஜனவரியில் எட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைக் காட்டி, யூனி-அசிஸ்ட் கட்டணம் என்று 40,000 வாங்கினார்கள். யூனி-அசிஸ்ட் என்பது பல ஜெர்மன் பல்கலைகளுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கும் அமைப்பு. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. எட்டுக்கும் சேர்த்தால் 285 யூரோ, அன்றைய மதிப்பில் 26,000 ரூபாய்க்குள். நேரடியாகத் தங்கள் தளத்திலேயே விண்ணப்பம் வாங்கும் பல்கலைகளும் உண்டு, அங்கே இந்தச் செலவே இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் அன்று போட்டுப் பார்க்கவில்லை. அம்மா ஆரத்தை அடகு வைத்த பணம் அது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் இனிமேல்தான். "உங்க பர்சனல் மெயில் வேண்டாம், மெயில் மிஸ் ஆகிடும். நாங்களே உங்க பேர்ல புதுசா ஒரு ஐடி கிரியேட் பண்ணிக்கறோம்" என்றார்கள். பெயரும் பிறந்த தேதியும் என்னுடையவை. பாஸ்வேர்டு அவர்களுடையது. மீட்பு எண்ணாகக் கொடுத்திருந்ததும் அவர்கள் மொபைல். என் பெயரில் யாரோ யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் துறையூரில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஏபிஎஸ் வந்தது. உடனே அனுப்பிக் கொடுத்தேன். மார்ச், ஏப்ரல், மே என்று கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு மேம்." குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15 என்று எங்கோ படித்து நிம்மதியாக இருந்தேன். பல முதுகலைப் படிப்புகளுக்கு, அதுவும் ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு, மார்ச்சிலோ மே கடைசியிலோ கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜூன் கடைசியில் கூப்பிட்டார்கள். "பப்ளிக் யுனிவர்சிட்டி எல்லாம் ரிஜெக்ட் ஆயிடுச்சு மேம், உங்க சிஜிபிஏ பத்தலை. ஆனா ஒரு குட் நியூஸ்." பெர்லினில் ஒரு தனியார் நிறுவனம், ஆஃபர் லெட்டர் தயாராம். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் யூரோ. சீட் பிடித்துவைக்கப் பத்து நாளுக்குள் 5,000 யூரோ கட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்டுக்குப் பணம் இல்லை என்றால் "நாங்களே ஃபண்ட் காட்டிடுவோம், வட்டி மட்டும் கொடுங்க" என்றும் ஒரு யோசனை. அங்கே தங்கிப் படிக்கும் செலவுக்கான பணத்தை விசாவுக்காக முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டிய கணக்கு அது, மாணவர் பெயரில் இருப்பது. அன்றைய தொகை 11,208 யூரோ, அதிலிருந்து மாதம் 934 வீதம் நமக்கு வரும், அதை வைத்துத்தான் அங்கே வாடகையும் சோறும். அடுத்தவர் பணத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, போய் இறங்கிய பிறகு எதைத் தின்பது?

சிஜிபிஏ பற்றிச் சொன்னது பச்சைப் பொய். ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 பாஸ். நம் மதிப்பெண்ணை மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: உச்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸ் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, எனக்கு 8.1, பாஸுக்கு 6. போட்டுப் பார்த்தால் 2.43. 2.5 வரை எடுத்துக்கொள்ளும் படிப்புகள் நிறைய இருக்கின்றன. ஒரு நிமிடக் கணக்கு.

அந்த வாரம் டிஏஏடி நடத்திய இலவச இணையவழிக் கூட்டம் ஒன்றில் தற்செயலாகக் கலந்துகொண்டேன். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு அது, சென்னையிலும் தகவல் மையம் உண்டு. யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாக, "யூனி-அசிஸ்ட் கணக்கு உங்களுடையது, நீங்களே உள்ளே போய் நிலவரம் பாருங்கள்" என்றார்கள். மறுநாளே கன்சல்டன்சிக்கு போன் செய்து பாஸ்வேர்டு கேட்டேன். "அது கம்பெனி பாலிசி இல்லை மேம்." நேரில் போனேன், சர்வர் டவுன். மறுபடி போனேன், சார் மீட்டிங்.

பாஸ்வேர்டு கடைசியில் வந்தது அங்கே வேலையை விட்டுப்போன ஒரு கவுன்சலர் அக்காவிடமிருந்து. ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ். "எங்கிட்ட இருந்து வாங்கினதா சொல்லிடாதம்மா" என்று கீழே ஒரு வரி.

உள்ளே போய்ப் பார்த்தேன். எட்டுப் பல்கலை என்றார்கள், யூனி-அசிஸ்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அதிலிருந்து ஏப்ரலில் ஒரு மெயில்: ஏபிஎஸ் சான்று இணைக்கப்படவில்லை, குறிப்பிட்ட தேதிக்குள் பதிவேற்றவும். யாரும் திறக்காததால் இன்னமும் தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே மே மாதம் வந்த நிராகரிப்பு, அதுவும் தடித்த எழுத்தில். என் ஏபிஎஸ் பிப்ரவரியிலிருந்து அவர்கள் கையில் இருந்தது.

மற்ற விண்ணப்பங்கள் எல்லாம் தனியார் நிறுவனங்களுக்கு, கட்டணமில்லாமல் அனுப்பியவை. ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பதாரர் எழுத வேண்டிய நோக்கக் கடிதமாக அதில் போயிருந்ததில், "குண்டூரில் கழிந்த என் சிறுவயதிலிருந்தே" எனக்கு மின்சாரத்தின் மேல் ஆர்வமாம். குண்டூரை நான் ரயிலில்கூடத் தாண்டியதில்லை. யாரோ ஒரு ஆந்திரப் பையனின் கடிதம், ஊரை மாற்ற மறந்துவிட்டார்கள். சிரித்தேன். அடுத்த இணைப்பைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கியது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் நான் பதினெட்டு மாதம் டிசைன் இன்ஜினியராக வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ். சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. நவம்பரிலேயே, "கேப் ஃபில் பண்ண எட்டாயிரத்துக்கு ஒரு லெட்டர் வாங்கிடலாம்" என்று கேட்டவர்கள்தான். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எங்களைக் கேட்காமல் செய்து என் பெயரில் அனுப்பியும் விட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் காகிதம் விசா ஃபைலுக்குள் போயிருந்தால், கேள்வி கேட்பது என்னைத்தான், அவர்களை இல்லை. கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்பவர் விண்ணப்பதாரர் மட்டுமே. அந்தத் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு நானே எழுதி விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

பணத்தைக் கேட்டபோது ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார்கள். 'விசா நிராகரிக்கப்பட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்.' நல்ல வாசகம்தான். விசாவுக்கே விண்ணப்பிக்கவில்லையே, எப்படி நிராகரிப்பார்கள்? ரசீதைத் திருப்பிப் பார்த்தால், 65,000-க்கும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சிக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறது. வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டிய ஒரு வரி.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். மாமாவுக்குத் தெரிந்த வக்கீல் மூலம் நோட்டீஸ் போனதுமே பேச வந்தார்கள். 40,000 திருப்பித் தந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். "கருகின மோட்டார் காயிலைக் கையில வச்சுக்கிட்டு எத்தனை நாள்மா உட்கார்ந்திருக்கிறது" என்றார். எனக்கு அன்று அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. விட்டிருந்தால் ஆணையம் வரை போயிருப்பேன்.

அடுத்த வருடம் நானே செய்தேன். டிஏஏடி தளத்தில் படிப்புகளைத் தேடினால் கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கிறது. ஐந்து இடங்கள், யூனி-அசிஸ்டுக்கு 195 யூரோ. ஏபிஎஸ் பழையதே செல்லும். நோக்கக் கடிதத்தில் குண்டூருக்குப் பதிலாக அப்பா கடையைப் பற்றி எழுதினேன். மூன்று நிராகரிப்பு, இரண்டு அனுமதி. அரசின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் பிளாக்டு அக்கவுண்ட் தொகை 11,904 யூரோ ஆகியிருந்தது, வங்கிக் கடனில் சமாளித்தோம். விசாக் கட்டணம் 75 யூரோ. கடினமான வேலை என்று எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டியிருந்தது. சத்தியமாக, பிறந்த சான்றிதழில் இனிஷியல் திருத்த அலைந்தது இதைவிடக் கஷ்டம்.

எல்லா கன்சல்டன்சியும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. என்னோடு படித்த ஒருத்திக்கு நன்றாகவே செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யாரிடம் போனாலும் மெயில் ஐடி உங்களுடையதாக, உங்கள் போனில் இருக்கட்டும். எனக்கு இது ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் அந்த ஏப்ரல் மெயிலை நானே திறந்திருப்பேன், ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

போஸ்டரை எடுக்கச் சொல்லி மேனேஜருக்கு போன் செய்தேன். குரலில் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை. "கங்கிராட்ஸ் மேம்! விசா பேஜை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? அப்படியே கூகுள்ல ஒரு ரிவ்யூ..." போஸ்டர் என்று மறுபடி சொன்னேன். டிசைனர் லீவாம், திங்கட்கிழமை எடுத்துவிடுவார்களாம்.

இன்று வியாழன். இன்னும் இருக்கிறது.