கோலா தஹான் மூன்று நாள் காட்டு நடை: காசு கொடுப்பது வழிகாட்டிக்குத்தான்

மலேசியாவின் தமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குள் வழிகாட்டியோடு போகும் ‘மூன்று நாள் இரண்டு இரவு’ நடைப் பயணத்தை நானும் தங்கையும் முடித்துவிட்டு வந்தோம். பூங்கா வாசல் ஊரான கோலா தஹானில் கடைக்குக் கடை விற்பது இதே பயணம்தான். தெம்பெலிங் ஆற்றில் படகேறி மேலே கோலா கெனியாம் வரை போக வேண்டும். அங்கிருந்து காட்டுக்குள் நடந்து முதல் இரவு கெப்பாயாங் பெசார் குகையில் தூக்கம். மறுநாள் முழுக்க நடை, இரவு ஓடைக்கரையில் கூடாரம். மூன்றாம் நாள் கோலா திரெங்கானில் ஆற்றுக்கு வந்து மறுபடி படகு. ஆளுக்கு முந்நூறு வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டி வாங்கினார்கள். சாப்பாடு, படகு, தூங்கும் பை, பாய் எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் போனபோது நுழைவு அனுமதி ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி தனி.

போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?

எங்களிடம் எட்டுப் பேர் என்றார்கள். படகுத்துறையில் பார்த்தால் பதினான்கு பேர் மூட்டையோடு நிற்கிறார்கள். ஒரு வழிகாட்டி, பின்னால் வர ஓர் உதவியாளப் பையன். கேட்டதற்கு, “பக்கத்துக் கடையில் ஆள் சேரவில்லை, அவர்களையும் சேர்த்துக்கொண்டோம்” என்றார் கடைக்காரர். விலை மட்டும் எட்டுப் பேருக்கு உள்ளதேதான். காட்டுப்பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். பதினான்கு பேர் வரிசை கட்டினால் முன்னால் வழிகாட்டி நின்று காட்டுகிற எதுவும் கடைசி ஆளுக்குப் போய்ச் சேராது. முதல் அரை நாள் நாங்கள் வால்பகுதியில் இருந்தோம். கண்டதெல்லாம் முன்னால் போன டச்சுக்காரரின் மூட்டையும் அதில் தொங்கிய ஈரத் துண்டும்தான். மதியத்துக்குப் பிறகு தங்கை, “அக்கா, இதுக்கா காசு கட்டினோம்?” என்று கேட்டுவிட்டு நேராக முன்னால் போய் நின்றுகொண்டாள். நானும் பின்னாலேயே போனேன். பயணமே மாறியது அதற்கப்புறம்தான்.

வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும், ஜெராந்துட் பக்கத்துக் கம்பத்துக்காரர் (கிராமத்துக்காரர்). வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பாடம் வைத்திருக்கிறார்: 13 கோடி ஆண்டுப் பழைய காடு, 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களில் விரிந்தது, உள்ளே இருக்கும் தஹான் மலை 2,187 மீட்டர், தீபகற்பத்திலேயே உயரம். இதெல்லாம் நுழைவாயில் பலகையிலேயே இருக்கிறது. நாங்கள் கிள்ளான்காரர்கள் என்று தெரிந்ததும் மலாய்க்கு மாறினார். பலகையில் இல்லாதவை அப்போதுதான் வெளியே வந்தன. உள்ளூர்க்காரர்கள் போனால் தயவுசெய்து மலாயிலேயே பேசுங்கள், அபாங் (அண்ணன்) என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நடங்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது.

அவர் காட்டியதில் சிலவற்றைச் சொல்கிறேன். பாதையோரம் ஓரிடத்தில் தரை மட்டும் சுத்தமாகக் கூட்டி வைத்தது போல் இருந்தது, ஒரு சருகு கூட இல்லை. நான் யாரோ கூடாரம் போட்ட இடம் என்று நினைத்தேன். அது குவாங் என்ற காட்டுக்கோழி இனப் பறவையின் ஆட்டக்களம். ஆண் பறவை தினமும் சருகையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, நீளச் சிறகை விரித்துப் பெட்டையின் முன் ஆடுமாம். அதன் குரலை நாங்கள் காலையில் இரண்டு மூன்று முறை கேட்டிருந்தோம், என்னவென்று தெரியாமலேயே. இன்னோர் இடத்தில் என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் மரப்பட்டையில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. யானை முதுகு சொறிந்த இடம். கொஞ்சம் தள்ளிச் சாணம், அதற்குள் முளைவிட்ட விதைகள். ஆற்றங்கரை மணலில், பன்றி போலக் குட்டைத் துதிக்கையோடு இருக்கும் தப்பீரின் கால்தடம்: முன்னங்காலுக்கு நான்கு விரல், பின்னங்காலுக்கு மூன்று. இதை அவர் சொல்லாவிட்டால் மிதித்துவிட்டுப் போயிருப்பேன்.

துவாலாங் மரத்தடியில் வெகுநேரம் நின்றோம். பலகை வேர்களே ஆள் உயரத்துக்கு மேல் இருந்தன. எண்பது மீட்டர் வரை வளரக்கூடிய மரம் அது. உச்சிக் கிளைகளின் அடியில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். மரம் வழவழப்பாக இருப்பதால் கரடி ஏறச் சிரமப்படும் என்றார். தேனுக்காகவே கம்பத்தில் அந்த மரத்தை வெட்டாமல் விடுவார்களாம். அப்புறம் கஹாரு. நம் பழைய பாட்டுகளில் வருகிற அகில்தான். மரம் காயம்பட்டு, அதில் பூஞ்சை பிடித்தால்தான் உள்ளே வாசனைப் பிசின் ஊறும். எந்த மரத்தில் ஊறியிருக்கிறது என்று தெரியாமல் திருடர்கள் நல்ல மரத்தையும் வெட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு கொத்துக்காயத்தைக் காட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை.

“புலி பார்க்கவில்லை, யானை பார்க்கவில்லை, ஏமாற்று” என்று திட்டுகிற விமர்சனங்கள் நிறைய உண்டு. தீபகற்ப மலேசியாவில் காட்டுப் புலிகள் 150க்கும் குறைவு என்று அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. பதினான்கு பேர் பேசிக்கொண்டு நடக்கிற பாதையில் அது வந்து நிற்குமா? இந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காதுதான் வேலை செய்யும். இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தம் முதலில் வரும், பறவை பெரும்பாலும் தெரியாது. காலையில் வெள்ளைக்கை உங்கா குரங்குகள் நீளமாகக் கூவும், அதுவும் தெரியாது. அந்திக்கு ஒரு பெரிய சில்வண்டு ஊதுகுழல் போலச் சத்தம் போடும். வழிகாட்டி கைக்கடிகாரமே கட்டவில்லை, அந்தச் சத்தம் வந்ததும் அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டார். விலங்குகளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் சபாவில் கினாபத்தாங்கான் ஆற்றுப் படகுப் பயணத்துக்குப் போகலாம்.

சரி, அட்டைக்கு வருவோம். கடிக்கும், அதில் பேரம் இல்லை. இரண்டு வகை. பழுப்பு நிறத்தில் தரையில் கிடப்பது ஏறியதே தெரியாது. வரிபோட்ட புலி அட்டை இலைமேல் காத்திருந்து இடுப்பிலோ கழுத்திலோ ஏறும், அது கடித்தால் சுருக்கென்று தெரியும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை எச்சிலில் ஒன்றை விடுகிறது, அதனால் பிடுங்கிய பிறகும் கசிந்துகொண்டே இருக்கும், பயப்படத் தேவையில்லை. நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் வந்துவிடும். நெருப்பு, உப்பு எதுவும் வேண்டாம். அட்டைக் காலுறையைக் கடையில் வாடகைக்குத் தருகிறார்கள். எங்களுக்குக் கொடுத்த ஜோடியில் ஒன்று கட்டைவிரலில் ஓட்டை, வாங்கும்போதே விரித்துப் பாருங்கள்.

காலணி விஷயத்தில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. ‘அடிடாஸ் கம்போங்’ வாங்குங்கள். எங்கள் பாட்டி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, சாதாரண மளிகைக் கடையில் கிடைக்கும், விலையும் கொஞ்சம்தான். ஓடையில் இறங்கினால் தண்ணீர் உடனே வடிந்துவிடும், வழுக்குப் பாறையில் பிடிக்கும். வழிகாட்டியும் அதைத்தான் போட்டிருந்தார். ஐந்நூறு வெள்ளிக்கு மலையேறும் காலணி வாங்கி வந்த டச்சுக்காரர் இரண்டாவது ஓடையோடு நனைந்த காலணியைச் சுமந்துகொண்டு நடந்தார். ஒரே குறை, அதற்கு உள்மெத்தை கிடையாது. தடிமனான காலுறை அவசியம்.

குகை இரவுக்காகவே இந்தப் பயணத்தை எடுக்கலாம். சுண்ணாம்புப் பாறைக் குகை, வாய் அகலமாகத் திறந்து கிடக்கிறது, உள்ளே பல பேர் படுக்கிற அளவுக்கு மண் தரை. கூடாரம் தேவையில்லை, தரைவிரிப்பு போட்டு வரிசையாகப் படுத்துவிட வேண்டியதுதான். வௌவால் எச்ச வாடை முதல் அரைமணி நேரம் மூக்கை அறுக்கும், அப்புறம் பழகிவிடும். எங்களோடு வேறு இரண்டு குழுக்களும் வந்து சேர்ந்தன. குறட்டையும் கைவிளக்கு வெளிச்சமும் தண்ணீர் பாட்டில் உருளும் சத்தமுமாக, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கல்யாண மண்டபம் போலத்தான் இருந்தது. தனிமையைத் தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். இருட்டியதும் வௌவால்கள் வெளியே கிளம்பும் நேரம் வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். முகத்துக்கு மேல் காற்று அசைவது மட்டும் தெரிந்தது. நடுராத்திரியில் குப்பைப் பையை ஏதோ பிறாண்டியது, விளக்கடித்தால் முள்ளம்பன்றி. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மெகி உறையை நக்கிவிட்டுப் போனது.

அந்த மெகி உறை முந்தைய குழு விட்டுப்போனது. குகையின் பின்பக்கம் டின்னும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன. எங்கள் வழிகாட்டி ஒரு பை நிறையப் பொறுக்கிக் கட்டிக்கொண்டார், எல்லோரும் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை.

இரண்டாம் இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை. கொடுத்த தார்ப்பாய் ஒழுகியது. தூங்கும் பை நனைந்தது. சில கடைகள் இரண்டாம் இரவைப் பும்புன் கும்பாங்கில் வைக்கிறார்கள். விலங்கு பார்ப்பதற்காகக் கட்டிய உயரமான மரக்குடில், கட்டில் பலகை உண்டு. கிடைத்தால் அதையே கேளுங்கள்.

சாப்பாடு: சோறு, டின் மத்தி சம்பல், பொரித்த முட்டை, முட்டைக்கோஸ், காலையில் பிஸ்கட்டும் தே-ஓவும். நடந்த பசிக்கு மத்தி சம்பல் தேவாமிர்தம். தங்கை சைவம், பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்தோம், கடையில் யாரும் வழிகாட்டியிடம் சொல்லவில்லை. அவர் பாவம், தன் சொந்தப் பையிலிருந்து பீன்ஸ் டின் ஒன்றை எடுத்து மிளகாய் போட்டு வதக்கிக் கொடுத்தார். சைவக்காரர்கள் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கையோடு கொண்டு போங்கள். உணவுப் பொருளை எல்லோருக்கும் பிரித்துச் சுமக்கக் கொடுப்பார்கள், ஆகவே உங்கள் சொந்தப் பொருள் குறைவாக இருக்கட்டும். உடை மாற்ற மறைவிடம் கிடையாது, கழிப்பறை என்றால் புதர்தான். ஒரு கைலி இருந்தால் இரண்டுக்கும் உதவும். பெண்கள் இருவராகப் போனதில் எங்களுக்கு எந்தச் சங்கடமும் வரவில்லை.

கூடவே விற்கிற உபரிகளில் மரமேல் தொங்குபாலம் நன்றாக இருக்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரம், உள்ளே மூச்சுமுட்ட நடந்த காட்டை அங்கேதான் மேலிருந்து பார்க்க முடியும். மழை பெய்தால் மூடிவிடுவார்கள், பழுதுபார்க்கவும் அவ்வப்போது மூடுகிறார்கள். ‘ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமம்’ என்ற அரை நாள் பயணத்தை நாங்கள் எடுக்கவில்லை. பாதேக் மக்கள் இந்தக் காட்டில் காலங்காலமாக அலைந்து வேட்டையாடி வாழ்பவர்கள், பூங்கா வந்த பிறகும் உள்ளே இருக்கிறார்கள். ஊதுகுழல் அம்பு, பிரம்பு உரசி நெருப்பு என்று செய்துகாட்டச் சொல்லி நாளுக்குப் பல படகு போகிறது. 2019இல் கிளந்தான் பக்கம் கோலா கோ என்ற ஊரில் தட்டம்மை பரவி பாதேக் மக்கள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியாள் கொண்டுபோகிற நோய் அவர்களுக்கு எவ்வளவு கொடுமையானது என்று நாடே பார்த்தது. இருமிக்கொண்டு படகில் ஏறுகிறவர்களைக் கடைக்காரர் தடுத்ததாக நான் பார்க்கவில்லை. பாதேக் மக்களின் வருமானத்துக்கு இந்தப் பயணம் உதவுகிறது என்று வழிகாட்டி சொன்னார். எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பருவத்தைப் பொறுத்தவரை, நவம்பரிலிருந்து பிப்ரவரி ஆரம்பம் வரை வேண்டாம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே மாட்டிக்கொண்ட சுற்றுப்பயணிகள் பலரை ஹெலிகாப்டரில் எடுத்தார்கள். வறட்சி அதிகமானாலும் சிக்கல், ஆற்றில் இறங்கிப் படகைத் தள்ள நேரும்.

கடைப் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன், சொன்னாலும் பயனில்லை. எங்கள் வழிகாட்டி எந்தக் கடைக்கும் சொந்தமில்லை, யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் குழுவோடு போகிறவர். ஆகவே முந்தின நாள் மாலையே கோலா தஹான் போய்ச் சேருங்கள். மிதக்கும் உணவகத்தில் ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு, நாளை யார் கூட்டிப்போகிறார், சுற்றுலாத்துறை உரிமம் வைத்திருக்கிறாரா, அவரைப் பார்த்துப் பேச முடியுமா என்று கேளுங்கள். ஆளைக் காட்டாமல் பணத்தை மட்டும் கேட்கிற கடையில் எழுந்துவிடுங்கள், பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது.