பார்ஸ்னிப் வளக்க உருளைக்கிழங்கு பை எப்டி இருக்கு?

பால்கனில பார்ஸ்னிப் (கேரட் மாதிரியே வெளுப்பா இருக்குற இனிப்புக் கிழங்கு) வளக்கணும்னு ஆசப்படுறவங்க தொட்டி வாங்கும்போது அகலத்த பாக்காதீங்க, ஆழத்த பாருங்க. இங்க இங்கிலாந்துல கார்டன் சென்டர்ல உருளைக்கிழங்கு போடுறதுக்குன்னே ஒசரமான பச்சை கலர் பை ஒன்னு விக்குறாங்கல்ல, 45 செமீ ஒசரம், 35 செமீ அகலம், சுமார் 40 லிட்டர் மண்ணு புடிக்கும், நான் அதுல தான் போட்டேன். பார்ஸ்னிப்புக்கு தாராளமா 5க்கு 4 குடுப்பேன்.

ஏன்னா இதுக்கு எல்லாமே ஆணிவேர் தான். மேல ரெண்டு எலை தெரியுறதுக்குள்ள கீழ வேர் நீளமா எறங்கிடும், அடியில முட்டுனாலோ கல்லு தட்டுனாலோ ரெண்டா மூணா பிரிஞ்சு போயிடும். அதனால நாத்து விட்டு புடுங்கி நடுறதெல்லாம் வேணாம், நேரா பையிலயே வெதைக்கணும். மல்டிபர்ப்பஸ் கம்போஸ்ட்ட (கடையில பையா விக்குற பொதுவான தொட்டி மண்ணு கலவை) சலிச்சு கட்டி, குச்சி எல்லாம் எடுத்துட்டு கொஞ்சம் ஷார்ப் சாண்ட், அதாவது கரடு மணல், கலந்தேன், புது சாண எரு பக்கமே போகல.

விதைல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. போன வருஷ பாக்கெட் மிச்சம் இருக்கேன்னு போட்டா சரியா மொளைக்காது, பார்ஸ்னிப் விதைக்கு ஆயுசு கம்மி. நான் எடுத்தது கிளாடியேட்டர் எஃப்1ங்குற கலப்பின ரகம், கிழங்கோட தோள் பக்கம், அதாவது மேல் பகுதி, பழுப்பாகி அழுகுற கேன்கர் நோய நல்லா தாங்கும். ஆழம் கம்மியான தொட்டி தான் இருக்குன்னா அவான்ரெசிஸ்டர் பாருங்க, அது குட்டை ரகம். டெண்டர் அண்ட் ட்ரூ ருசி பிரமாதம், ஆனா நீளமா போகுற ரகம், பைக்கு வேணாம்பேன். விதை மரச்சீவல் மாதிரி தட்டையா லேசா இருக்கும், காத்தடிச்சா பறந்துடும், காத்து இல்லாத நேரமா பாத்து 1 செமீ ஆழத்துல எடத்துக்கு மூணு மூணா போட்டு, மொளைச்சப்புறம் தெம்பா இருக்குற ஒன்ன விட்டுட்டு மத்தத கிள்ளிடுங்க. ஒரு பைக்கு அஞ்சாறு செடி போதும். ஏப்ரல்ல போடுங்க, பிப்ரவரி ஈரக் குளிர்ல போட்டா மண்ணுக்குள்ளயே அழுகிடும். ஏப்ரல்லயும் மொளைக்க மூணு நாலு வாரம் ஆகலாம், பொறுமை வேணும்.

பையில புடிச்சது என்னன்னா, அடில ஓட்டை நல்லா இருக்கு, தண்ணி தேங்கவே இல்ல, கைப்பிடி கெட்டி. ஆனா கோடையில சீக்கிரம் காஞ்சிடுது, காயப்போட்டுட்டு திடீர்னு நெறைய ஊத்துனா கிழங்கு வெடிக்கும், அதனால ஒரே சீரா ஊத்துங்க.

ஒரு மார்க் கொறச்சது அந்த கதவுக்கு. உருளைக்கிழங்க பக்கவாட்டுல எடுக்கட்டும்னு கீழ வெல்க்ரோ வச்சு ஒரு கதவு குடுத்திருக்காங்க, பார்ஸ்னிப்புக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல, தண்ணி ஊத்துறப்பல்லாம் அந்த ஓரமா மண்ணு கரைஞ்சு கோடு கோடா தரையில எறங்குது, கீழ் வீட்டுக்காரங்க பால்கனி வரைக்கும் போகுது. காலி கம்போஸ்ட் கவர வெட்டி உள்பக்கமா வச்சு அடைச்சப்புறம் தான் நின்னுச்சு.

கொழந்தைங்க இருக்குற வீட்ல ஒன்னு கவனம், இந்த செடியோட எலை தண்டு பால் தோல்ல பட்டு அதுக்கு மேல வெயிலும் பட்டா கொப்புளம் போடும். க்ளவுஸ், முழுக்கை சட்டை இல்லாம தொட விடாதீங்க.

அறுவடைக்கு அவசரமே வேணாம், ரெண்டு மூணு ஃப்ராஸ்ட் (உறைபனி) விழட்டும், குளிர்ல மாவுச்சத்து சக்கரையா மாறி இனிப்பு ஏறும். பைய சாச்சு கம்போஸ்ட்ட ஒரு ஷீட்ல கொட்டுனேன், கிழங்கு முழுசா வந்துச்சு, தோள் தடிச்சு கழுத்துல மண்ணு ஒட்டிகிட்டு, நுனி மட்டும் சிலது லேசா வளைஞ்சிருந்துச்சு. தேன் தடவி ஓவன்ல வச்சா ஓரம் முறுகலா வரும், மிளகு தூக்கலா போட்டு பொரியல் பண்ணாலும் அந்த இனிப்புக்கு நல்லா எடுக்கும். ரொம்ப உறையுற ராத்திரில மட்டும் பைய சுவத்தோரமா நகத்தி வைங்க, தரையில இருக்குற செடி மாதிரி இல்ல, பை மொத்தமா கட்டியா உறைஞ்சா கிழங்க வெளிய எடுக்கவே முடியாது. கதவு இல்லாத அதே ஒசர பை கெடச்சா யோசிக்காம அத வாங்குங்க.